காற்றைக் கூட்டிப் பெருக்கிய கணக்கு

காற்றாலைத் தொழிலில் சராசரியை நம்பினால் பணம் போய்விடும். ஓரிடத்தில் பாதி நேரம் நொடிக்கு 4 மீட்டர் வேகத்திலும் மீதி நேரம் 12 மீட்டர் வேகத்திலும் காற்று வீசுகிறது என்று வையுங்கள். சராசரி 8. ஆனால் காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. 8-இன் கனம் 512. நான்கின் கனம் 64, பன்னிரண்டின் கனம் 1,728. இவ்விரண்டின் சராசரி 896. சராசரி எடுத்துவிட்டுக் கனம் காண்பவருக்கு 512, கனம் கண்டுவிட்டுச் சராசரி எடுப்பவருக்கு 896. காற்று ஒன்றுதான். எந்தக் கணக்கை முதலில் போடுவது, எதைப் பிறகு போடுவது என்பதில்தான் எங்கள் தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது.

அந்தக் கணக்குகளை நான் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை. காற்றாலை வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள், எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இந்த இடத்தில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் வரும்? பாலக்காட்டுக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் தென்மேற்குப் பருவக்காற்றை உள்ளே விடும் வாசல்கள். உடுமலைப் பக்கமும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நெருங்கி நிற்பதற்கு அவைதான் காரணம். மே முதல் செப்டம்பர் வரை வீசுவதை வைத்தே வருஷக் கணக்கின் பெரும்பகுதி ஓடும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கடன் தவணை அதை நம்பித்தான் இருக்கிறது.

ஒவ்வொரு காற்றாலையும் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும். அந்தப் பத்து நிமிடத்தில் காற்றின் சராசரி வேகம், திட்ட விலக்கம், குறைந்தபட்ச வேகம், அதிகபட்ச வேகம், உற்பத்தியான மின்சாரம். நாளுக்கு 144 வரி, வருஷத்துக்கு 52,560. நூறு காற்றாலை உள்ள பண்ணை என்றால் அரைக் கோடிக்கு மேல்.

இதற்கு ஹாஸ்கெல் போன்ற ஃபங்ஷனல் மொழி எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். புள்ளியியல்காரர்களில் பலர் ஏற்கெனவே அப்படிப்பட்ட மொழியில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பேன். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் ஆர் மொழியை உருவாக்கினார்கள். வெளித்தோற்றத்தை பெல் ஆய்வகத்தின் எஸ் மொழியிலிருந்தும், உள்ளே இயங்கும் முறையில் பலவற்றை லிஸ்ப் குடும்பத்து ஸ்கீம் மொழியிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். ஆரில் ஒரு பட்டியலை ஒரு சார்பிடம் கொடுத்தால், அது உள்ளே என்ன செய்தாலும் வெளியே இருக்கும் பட்டியல் மாறாது. ஹாஸ்கெல் இதே பழக்கத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஒரே உள்ளீட்டுக்கு ஒரு சார்பு எப்போதும் ஒரே விடையைத்தான் தர வேண்டும். கோப்பைப் படிப்பது, கடிகாரம் பார்ப்பது போன்ற வெளி வேலைகளைச் செய்யும் சார்பு, அதைத் தன் வகையிலேயே அறிவித்தாக வேண்டும்.

சுருக்கமும் ஒரு மதிப்பு

எங்கள் நிரலின் மையம் ஒரு சிறிய பொட்டலம். எண்ணிக்கை, சராசரி, விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை, கனங்களின் கூட்டுத்தொகை, குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று ஆறு எண்கள் கொண்டது. இதை நாங்கள் ‘சுருக்கம்’ என்கிறோம். ஒரு புதிய அளவு வந்தால் பழைய சுருக்கத்திலிருந்து புதிய சுருக்கம் பிறக்கும். பழையது அப்படியே இருக்கும்.

திட்ட விலக்கத்துக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி எல்லோருக்கும் நினைவிருக்கும்: வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடு. தாளில் இது சரி. கணினியில் ஆபத்து. காற்றாலை மீட்டரின் தொடர் எண்ணிக்கை வாட்-மணியில் 100 கோடியைத் தாண்டுவது சாதாரணம். 100 கோடியோடு 4, 7, 13, 16 ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிய நான்கு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மாதிரி விலக்க வர்க்கச் சராசரி 30. குறுக்குவழியின் மாதிரி வடிவத்தை, வர்க்கமூலம் எடுக்கும் முன்வரை, இரட்டைத் துல்லிய எண்களில் ஓட்டினால் கிடைப்பது மைனஸ் 170.67. பூஜ்யத்துக்குக் கீழே போக வாய்ப்பே இல்லாத இடத்தில் மைனஸ் வருகிறது. 100 கோடியின் வர்க்கத்துக்கு 19 இலக்கம் வேண்டும். கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணில் நம்பத்தக்கவை ஏறத்தாழ 16 இலக்கங்கள்தான். நமக்கு வேண்டிய வித்தியாசம் உதிர்ந்துபோன இலக்கங்களில் இருந்தது.

இதற்கு மருந்து 1962-இலேயே வந்துவிட்டது. வெல்ஃபோர்டு என்பவர் வெளியிட்ட முறை: புதிய அளவுக்கும் பழைய சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை எடு, அதை எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியில் சேர், பிறகு அதே வித்தியாசத்தை, புதிய அளவுக்கும் புதிய சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி விலக்க வர்க்கத் தொகையில் சேர். பெரிய எண்களை வர்க்கம் செய்து கழிக்கும் இடமே இதில் கிடையாது.

ஒரு சுருக்கத்தோடு ஓர் அளவைச் சேர்ப்பதைவிட, இரண்டு சுருக்கங்களைச் சேர்ப்பதுதான் எங்களுக்கு அன்றாட வேலை. பத்து நிமிடங்களைச் சேர்த்து மணி, மணிகளைச் சேர்த்து நாள், பிறகு மாதம், வருஷம், பண்ணை. இங்கே தொழிலில் பரவலாக நடக்கும் ஒரு தவறு உண்டு. ஆறு திட்ட விலக்கங்களைக் கூட்டி ஆறால் வகுத்து ‘இது இந்த மணி நேரத்தின் திட்ட விலக்கம்’ என்று எழுதிவிடுவார்கள். ஒரு பத்து நிமிடத்தில் சராசரி 6, அடுத்ததில் 10, இரண்டிலும் திட்ட விலக்கம் 1 என்றால் இந்த முறையில் விடை 1. உண்மையில் 5-இன் வர்க்கமூலம், அதாவது 2.24. ஆறிலிருந்து பத்துக்கு ஏறிய காற்றின் ஏற்றத்தை அந்தக் கணக்கு கண்டுகொள்ளவே இல்லை.

சரியான இணைப்பு விதியை சான், கோலப், லெவெக் மூவரும் 1979-இல் எழுதிவைத்தார்கள். இரு சராசரிகளின் வித்தியாசத்தை வர்க்கம் செய்து, இரு எண்ணிக்கைகளாலும் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்து, அதை இரண்டு விலக்க வர்க்கத் தொகைகளோடு கூட்ட வேண்டும். ஹாஸ்கெலில் இது சில வரிகள். ஒரு வெற்றுச் சுருக்கமும், எந்த அடைப்புக்குறி வரிசையில் செய்தாலும் ஒரே விடை தரும் இணைப்பும் இருந்தால் அதை மோனாய்டு என்பார்கள். மோனாய்டு என்று அறிவித்துவிட்டால் மொழியில் ஏற்கெனவே உள்ள சார்புகளே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஜூலை மாதத்தை ஒரு கணினியிலும் ஆகஸ்ட்டை இன்னொன்றிலும் ஓட்டி இறுதியில் இணைக்கலாம். நேற்றுவரை உள்ள சுருக்கத்தை வைத்துக்கொண்டு இன்றையதை மட்டும் சேர்க்கலாம். இதற்கென்று தனியாக ஒரு வரி எழுதியதில்லை.

இல்லாத அளவுக்கும் ஒரு பெயர்

காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் வேலை செய்யாதபோது சில கருவிகள் -999 என்று எழுதும். மாதத்தின் 4,320 வரிகளில் இரண்டே இரண்டில் -999 நுழைந்தால் 8 மீட்டர் சராசரி 7.53 ஆகும். மைனஸில் போனால் எவர் கண்ணிலும் படும். 7.53-ஐப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அது அறிக்கையில் ஏறி, வங்கிக்குப் போய், வட்டி விகிதமாகத் திரும்பி வரும்.

எங்கள் நிரலில் ஒரு பதிவு வெறும் எண்ணாக இருக்க முடியாது. ஒன்று, அது அளவு. இல்லையென்றால் ‘குறை’, கூடவே காரணம்: கிரிட் இல்லை, பேக்டவுன், பராமரிப்பு, சென்சார் கோளாறு. இந்த நான்கும் கணக்கில் நான்கு விதமாகப் போகும். மின்சுமை பகிர்வு மையம் நிறுத்தச் சொன்ன நேரம் பேக்டவுன். காற்று இருந்தது, காற்றாலை தயார், உற்பத்தி வந்திருக்கும். பராமரிப்பு நேரம் காற்றாலையின் கணக்கில் கழியும். ஐந்தாவதாக ஒரு காரணத்தைச் சேர்த்தால், அதைக் கையாளாத ஒவ்வொரு சார்பையும் கம்பைலர் வரி எண்ணோடு சுட்டிக்காட்டும். மனிதர்கள் மறக்கும் இடத்தில் அது மறப்பதில்லை.

அலகுக்கும் இதே ஏற்பாடுதான். மணிக்கு கிலோமீட்டரும் நொடிக்கு மீட்டரும் இரண்டு தனித்தனி வகைகள். ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் நிரல் கம்பைல் ஆகாது. இரண்டுக்கும் இடையே 3.6 மடங்குதான். கனமாகும்போது அது 46.656 மடங்கு.

நாகர்கோவில் பக்கத்து சைட் இன்ஜினியர் ஒருவர் ஒருமுறை போனில் பிடித்துக்கொண்டார். “தம்பி, போன மாசம் 61 லட்சம் யூனிட்டுன்னீங்க. இப்ப 58ங்கிறீங்க. நான் முதலாளிகிட்ட என்னன்னு சொல்ல?”

இரண்டு ஓட்டங்களின் உள்ளீடுகளையும் நிரலின் பதிப்பையும் ஒப்பிட்டோம். நிரல் அதே பதிப்பு. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை என்ற விதி இருப்பதால், மாறியது உள்ளீடாகத்தான் இருக்க வேண்டும். “அண்ணே, ஜூலை ஃபைலை உங்க ஆளுங்க திரும்ப அனுப்பியிருக்காங்க. பேக்டவுன்னு இருந்த மூணு நாள் அதுல பராமரிப்புன்னு மாறியிருக்கு. அந்த மூணு லட்சம் அங்கதான் போச்சு.” அவர் யாரையோ கூப்பிட்டுச் சத்தம் போடுவது கேட்டது. எந்த எண்ணுக்கும் பூர்வீகம் சொல்ல முடிவதுதான் இந்தத் தொழிலில் எங்கள் மூலதனம்.

மொழி கேட்கும் விலை

இவ்வளவு சொன்னதால் ஹாஸ்கெலில் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். அது சோம்பல் மொழி. ஒரு மதிப்பு தேவைப்படும்வரை கணக்கிடாது. ‘பிறகு தருகிறேன்’ என்று கடன்சீட்டு எழுதி வைத்துக்கொள்ளும். பத்து லட்சம் எண்களை இடமிருந்து கூட்டும் சாதாரண மடிப்பு (ஃபோல்டு), பத்து லட்சம் சீட்டுகளை அடுக்கிவிட்டுக் கடைசியில்தான் கூட்டத் தொடங்கலாம். கம்பைலர் பல நேரம் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும். செய்யாத நாளில் நினைவகம் நிரம்பி நிரல் விழும். ஒவ்வொரு அடியிலும் உடனே கணக்கிடும் கண்டிப்பான மடிப்பு இதற்கென்றே இருக்கிறது. எண் கணக்குக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். சுருக்கத்தின் ஆறு புலங்களுக்கும் கண்டிப்புக் குறி வைக்க வேண்டும்.

பாடப்புத்தகத்தில் அழகாகத் தெரியும் ‘கூட்டுத்தொகை வகுத்தல் நீளம்’ என்ற சராசரி வரியிலும் ஒரு கண்ணி உண்டு. கூட்டுத்தொகைக்காகப் பட்டியலை ஒருமுறை நடந்த பிறகும், நீளம் எண்ணுவதற்காக முழுப் பட்டியலையும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பட்டியலே கனமானது: 64 பிட் கணினியில் ஓர் இரட்டைத் துல்லிய எண் 8 பைட், ஹாஸ்கெலின் சாதாரணப் பட்டியலில் அதே எண்ணுக்கு 40 பைட் போகும். அதனால் எண்களை வரிசையாக நெருக்கி வைக்கும் வெக்டர் நூலகம் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. அதில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் மூன்று நான்கு சார்புகளைக் கம்பைலர் பல இடங்களில் ஒரே சுற்றாக உருக்கிவிடும். இடையில் தற்காலிக வரிசைகள் பிறப்பதில்லை. எது உருகும், எது உருகாது என்று கண்ணால் தெரியப் பழக்கம் வேண்டும்.

அடுத்த விலை, மிதவைப் புள்ளி எண்கள் கணித விதிகளை மதிப்பதில்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் முதலில் கூட்டி 0.3-ஐச் சேர்த்தால் 0.6000000000000001. 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டி 0.1-ஐச் சேர்த்தால் 0.6. அடைப்புக்குறியை நகர்த்தினால் விடை மாறுகிறது. அப்படியானால் எங்கள் மோனாய்டு கண்டிப்பான அர்த்தத்தில் மோனாய்டே கிடையாது. கோன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் வெளியிட்ட க்விக்செக் என்ற கருவி, நாம் எழுதும் விதியைத் தற்செயலாகப் பொறுக்கிய உள்ளீடுகளால் தாக்கிப் பார்க்கும். இணைப்பு விதியை அச்சு அசலான சமம் என்று எழுதிக் கொடுத்தால் நொடியில் உடைத்துவிடும். எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வோம் என்று நாமே எழுத வேண்டியிருக்கிறது. அப்படி எழுத வைப்பதே பெரிய நன்மை.

கடைசி இலக்கத்தைப் பற்றி யார் கவலைப்படுவது என்பவர்களுக்கு வான்கூவர் பங்குச்சந்தையின் கதையைச் சொல்வேன். 1982 ஜனவரியில் 1000 என்று தொடங்கிய அதன் குறியீட்டெண், ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பிறகும் மூன்றாம் தசமத்தோடு வெட்டப்பட்டது. முழுமையாக்கவில்லை, வெறுமனே வெட்டினார்கள். 1983 நவம்பரில் அது 520-களில் நின்றது. மறுபடி கணக்கிட்டபோது வந்தது 1098.892. சந்தை ஏறியிருந்தது, கணக்குதான் பாதியாகத் தேய்ந்துபோயிருந்தது.

பழைய கிழவரோடு கூட்டு

காற்று அளவுகளிலிருந்து போக்கு காண அணிகளைத் தீர்க்க வேண்டியிருக்கும். அதை நாங்கள் ஹாஸ்கெலில் எழுதுவதில்லை. எச்மேட்ரிக்ஸ் நூலகம் வழியாக பிளாஸ், லாபேக் என்ற அணிக்கணக்கு நூலகங்களைக் கூப்பிடுகிறோம். இவை ஃபோர்ட்ரான் பரம்பரை. பத்தாண்டுக் கணக்கில் அடிபட்டுத் தேறிய அந்தக் கைகளை விட்டுவிட்டுச் சொந்தமாக எழுதுவது வீண் வேலை. இதில் ஒரு வேடிக்கை: 1957-இல் ஐ.பி.எம்.மில் ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்த குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ்தான், 1977-இல் டியூரிங் விருது பெற்ற உரையில் அந்த வகை நிரலாக்கத்திலிருந்து விடுதலை வேண்டும் என்று வாதாடி, சார்புகளை இணைத்து எழுதும் பாணியை முன்வைத்தார். அவர் விட்டுவிடச் சொன்னதும், சேரச் சொன்னதும் இன்று எங்கள் நிரலில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. உலகெங்கும் ஃபூரியே உருமாற்றத்துக்குப் பயன்படும் எஃப்.எஃப்.டி.டபிள்யூ நூலகம் சி மொழியில் இருக்கிறது. அதன் வேகமான உட்பகுதிகளைக் கையால் எழுதவில்லை. மாட்டேயோ ஃப்ரிகோ, ஸ்டீவன் ஜான்சன் இருவரின் அந்த நூலகத்தில், ஓகேமல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதிய ஒரு நிரல்தான் அந்த சி வரிகளை உற்பத்தி செய்கிறது.

ஹாஸ்கெல் தன்னந்தனியே பளிச்சிடும் இடமும் உண்டு. காற்றின் வேகப் பரவலுக்கு வெய்புல் பரவலைப் பொருத்துவது வழக்கம். அதன் வடிவ எண் 2 என்றால், கனங்களின் சராசரி சராசரியின் கனத்தைப் போல 1.91 மடங்கு இருக்கும். தொடக்கத்தில் சொன்ன ஆபத்தின் அளவு இது. வடிவ எண்ணைக் காண நியூட்டன் முறை, அதற்கு வகைக்கெழு வேண்டும். கையால் வகையிட்டு எழுதினால் குறி தவறும். ஹாஸ்கெலில் சார்பை எந்த வகை எண்ணுக்கும் பொருந்தும்படி எழுதலாம். அதற்கு இரட்டை எண் ஒன்றைக் கொடுங்கள்: ஒரு மதிப்பு, கூடவே ‘எப்சிலன்’ பகுதி, எப்சிலனின் வர்க்கம் பூஜ்யம். 3-ஐயும் ஒரு எப்சிலனையும் கூட்டி வர்க்கம் செய்தால் 9-உம் 6 எப்சிலனும் வரும். அந்த 6 தான் x வர்க்கத்தின் வகைக்கெழு, x மூன்றாக இருக்கும்போது. எட்வர்ட் கிமெட்டின் ஏ.டி. நூலகம் இதைத் தயாராக வைத்திருக்கிறது. சார்பை ஒருமுறை எழுதினால் வகைக்கெழு தானாக வரும்.

சோம்பலும் இங்கே வேலைக்கு ஆகும். நியூட்டன் முறையின் தோராயங்களை முடிவில்லாத பட்டியலாக எழுதுகிறோம். எப்போது நிறுத்துவது என்பது தனிச் சார்பு. க்விக்செக்கின் அதே ஜான் ஹியூஸ் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டிய வழி இது. நிறுத்தும் விதியை மாற்ற, தோராய விதியைத் தொட வேண்டியதில்லை.

வங்கி கேட்கும் எண்

வங்கிகள் பி50, பி90 என்ற இரண்டு எண்கள் கேட்கும். உற்பத்தி அதைத் தாண்ட 50 விழுக்காடு வாய்ப்புள்ள எண் முதலாவது, 90 விழுக்காடு வாய்ப்புள்ளது இரண்டாவது. இயல்நிலைப் பரவல் என்று கொண்டால் பி90 என்பது பி50-இலிருந்து திட்ட விலக்கத்தின் 1.28 மடங்கைக் கழித்தது. அப்படிக் கொள்ள முடியாத இடத்தில், இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துப் பார்ப்போம். பிராட்லி எஃப்ரான் 1979-இல் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் முறை.

இதற்குச் சமவாய்ப்பு எண்கள் வேண்டும். பல மொழிகளில் அவை எங்கோ மறைந்திருக்கும் பொதுப் பெட்டியிலிருந்து வரும். வேறு யாராவது நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் நம் விடை மாறும். ஹாஸ்கெலில் தொடக்க விதையைச் சார்புக்கு வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். விதையை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று தரலாம். அதனால் மடிக்கணினியில் ஓட்டினாலும் பல கோர் உள்ள சர்வரில் ஓட்டினாலும் ஒவ்வொரு மாதிரியும் அதே மாதிரிதான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் விதையை அச்சிடுகிறோம். வங்கியின் தணிக்கையாளர் அதே பி90-ஐத் தானே வரவழைக்கலாம். கூகுள் 2018-இல் வெளியிட்ட ஜாக்ஸ் நூலகம் பைத்தான்காரர்களுக்கும் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுபோயிருக்கிறது: பக்கவிளைவில்லாத சார்புகள், கையில் கொடுத்து வாங்கும் விதைகள்.

வரைபடம் வரைவதற்கும் தரவை முதலில் புரட்டிப் பார்ப்பதற்கும் இன்றும் ஆர் அல்லது பைத்தானைத்தான் திறக்கிறோம். ஹாஸ்கெலில் நூலகங்கள் குறைவு, ஆள் கிடைப்பது அரிது. கற்க வழியில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்.பி.டி.இ.எல். இணையப் பாடத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

என் தீர்ப்பு இது. வேகத்துக்காக இந்த மொழிக்கு வராதீர்கள். உள்சுற்றுகளின் வேகத்துக்கு ஃபோர்ட்ரானும் சியும் இருக்கின்றன. கணக்கின் ஒழுங்குக்காக வாருங்கள். வர முடியாவிட்டால் நீங்கள் எழுதும் மொழியிலேயே நான்கு காரியம் செய்யுங்கள். சுருக்கத்தை இணைக்கக்கூடிய மதிப்பாக எழுதுங்கள். இல்லாத அளவுக்குக் காரணத்தோடு பெயர் வையுங்கள். அலகை எண்ணோடு கட்டுங்கள். விதையை வெளியே எழுதுங்கள். இந்த நான்கும் எந்த மொழியிலும் முடியும். ஹாஸ்கெலில் நான்கில் எதையாவது விட்டால் உறுத்தும், மற்ற மொழிகளில் உறுத்தாது. அவ்வளவுதான் வித்தியாசம்.